நாற்பத்தொரு மணி நேரம்

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றில் ஒரு பெரிய குறை இருப்பதை அரசாங்கம் கண்டுபிடித்தது. எந்த மன்னன் எந்த வாசல் வழியாக வந்தான், எந்தப் பீரங்கி எந்த மலைக்கு ஏறியது, களஞ்சியத்தில் எவ்வளவு நெல் கொள்ளும் என்பதெல்லாம் எழுதியிருந்தது. அந்த நெல்லைக் குத்தியது யார், பொங்கிப் போட்டது யார், அடிபட்டு வந்தவனுக்குக் கட்டு மாற்றியது யார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. முற்றுகைகள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடந்திருக்கின்றன. அத்தனை நாளும் வீரர்கள் நெல்லைப் பச்சையாக மென்றிருக்க வாய்ப்பில்லை என்பதை உயர்மட்டக் குழு ஒன்று, மூன்று அமர்வுகளுக்குப் பிறகு, ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

அதன்படி 'கோட்டைக்கால மகளிர் ஊதியமில்லாப் பணி மதிப்பீட்டுச் சிறப்புப் பிரிவு' செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் தொடங்கப்பட்டது. பெயர்ப்பலகை நீளமாகிவிட்டதால் பக்கத்து மாடியையும் சேர்த்து வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் நேரில் ஆஜராகும் நிலையில் இல்லை. ஆகவே இந்தக் காலத்துப் பெண் ஒருத்தியை உட்கார வைத்து, அதாவது உட்கார விடாமல் வைத்து, அவள் வேலையை நிமிஷக் கணக்கில் அளந்து, அதை நானூறு வருஷத்தால் பெருக்கிவிடுவது என்று முடிவாயிற்று. நானூறு வருஷத்தில் மற்றதெல்லாம் மாறிவிட்டாலும் இந்த வேலை மாறவில்லை என்பதால் முறை அறிவியல்பூர்வமானது என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது.

இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டுப் படியேறி வந்தவள்தான் மீனம்பாள். வயது நாற்பத்தி நாலு. புருஷன் தேவேந்திரன் அவலூர்பேட்டை சந்தைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மாமனார் பொன்னுசாமி பக்கவாதம் வந்து ஒன்பது வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். ஒன்பது வருஷத்தில் அந்த மனுஷன் முதுகில் ஒரு புண் கிடையாது. அவரைப் பார்க்க வந்த டாக்டரே போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

மீனம்பாளுக்கு ஒரு ஆசை இருந்தது. திண்டிவனம் ரோட்டில் புதிதாக ஒரு முதியோர் இல்லம் திறந்திருந்தார்கள். பராமரிப்பாளர் வேலை காலி. மாசச் சம்பளம், நீலப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. அதைவிட முக்கியம், வேலை செய்பவர் வீட்டுப் பெரியவர் ஒருவரை அங்கேயே இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதே மாமனார், அதே கஞ்சி, அதே துணி மாற்றல். கட்டில் மட்டும் ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதற்குச் சம்பளம் உண்டு. இதை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் கூடியது. பிறந்ததிலிருந்து அவள் பெயரில் ஒரு சம்பளம் வந்ததில்லை.

ஆனால் மூன்று வருஷ முன் அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்று இல்லத்து மேனேஜர் சொல்லிவிட்டார். "ஒம்போது வருஷம் பாத்திருக்கேன் சார்" என்றாள். "நம்பறேம்மா. ஏதாவது ஆபீஸ் சீல் வச்சுக் குடுக்கணும்ல? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் போஸ்ட்ட நிறுத்தி வைக்கறேன்" என்றார் அவர். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சிறப்புப் பிரிவில் கள ஆய்வாளர் இளையபெருமாள் அவளை விசாரித்தார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருக்கும் மனிதர்.

"வீடு எங்கே?"

"கோட்ட பக்கத்துலதான் சார். வாசல்ல நின்னா ராஜகிரி மல தெரியும்."

"தெரியுமா? அப்படியானால் வரலாற்றுத் தொடர்பு நிரூபணமாகிறது." எழுதிக்கொண்டார்.

"எனக்குக் கூலி எதனா உண்டா சார்?"

இளையபெருமாள் அதிர்ச்சியுடன் நிமிர்ந்தார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நாங்க மதிப்பிடறது ஊதியமில்லாப் பணி. உங்களுக்கு ஊதியம் குடுத்தா அது ஊதியமுள்ள பணி ஆயிடும். அப்புறம் ஆய்வே பொய்யாப் போயிடும். உங்க வேலையோட மதிப்பக் காப்பாத்தறதுக்காகத்தான் நாங்க ஒண்ணும் குடுக்கறதில்ல."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருப்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு நாற்பத்தி நாலு வயதாகியிருந்தது. ஆனால் ஆய்வு முடிந்ததும் அரசு முத்திரையுடன் அனுபவச் சான்றிதழ் உண்டு என்றார்கள். அவள் கைரேகை வைக்க நீட்டிய மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டு, பெயரையே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு இளையபெருமாளும் உதவியாளர் ரங்கநாதனும் வந்து இறங்கினார்கள். கையில் ஸ்டாப் வாட்ச், அட்டை, எழுபத்திரண்டு கட்டம் போட்ட படிவம். மீனம்பாள் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"சார், இந்த டீ எந்தக் கட்டம்?" என்று கேட்டான் ரங்கநாதன்.

"இது ஆய்வுக்கு வெளியே" என்று சொல்லிவிட்டு இளையபெருமாள் உறிஞ்சினார். அன்றைக்கு அவர்கள் குடித்த ஆறு டீயும், காலை நாஷ்டாவும், மதியச் சாப்பாடும் ஆய்வுக்கு வெளியே நடந்தன.

வேலை தொடங்கியது. உலையில் அரிசி நாற்பத்தைந்து நிமிஷம். அது கொதிக்கும்போதே முருங்கைக்கீரை ஆய்தல் முப்பது நிமிஷம். ஆய்ந்துகொண்டே குழாயில் குடம் நிரப்புதல் ஐம்பது நிமிஷம். துணி ஊறல் ஒரு மணி. ஊறும்போது வாசல் பெருக்கல், பாத்திரம் தேய்த்தல், புருஷன் தொலைத்த ஆட்டோ சாவியைத் தேடல். ரங்கநாதன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாட்சை அமுக்கி எழுதினான்.

"மாமனாரைக் கவனிக்கும் நேரம்?" என்று கேட்டார் இளையபெருமாள்.

"ரெண்டு மணிக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வைக்கணும் சார். கஞ்சி, மாத்திர, துணி மாத்தறது. மத்தபடி காது அவரு மேலயே இருக்கும்."

"காது எப்போது ஆரம்பித்து எப்போது முடியும்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "அது முடியாது சார்."

"தூங்கும்போது?"

"தூங்கறப்பயும் அவரு லேசா செருமுனா முழிப்பு வந்துடும்."

இருபத்து நாலு மணி நேரம் என்று எழுதப்பட்டது. இப்படி ஆறு நாள் நடந்தது.

ஏழாம் நாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'விளக்கம் கோரும் குறிப்பாணை' என்று தலைப்பு. தாங்கள் நாளொன்றுக்கு நாற்பத்தொரு மணி நேரம் பணிபுரிந்ததாகப் பதிவாகியுள்ளது. ஒரு நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம் மட்டுமே அரசால் அங்கீகரிக்கப்பட்டுள்ள நிலையில், மீதிப் பதினேழு மணி நேரத்தை எங்கிருந்து, யாருடைய அனுமதியுடன் எடுத்தீர்கள் என்பதற்கு இரண்டு நாளில் விளக்கமளிக்க வேண்டும்.

மீனம்பாள் அலறியடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். பிரிவின் தலைவர் அமலா மேடம் உட்கார்ந்திருந்தார். படித்தவர், கெட்டவர் இல்லை. இந்தப் பிரிவு வர வேண்டுமென்று நாலு வருஷம் எழுதி எழுதிக் கேட்டவரே அவர்தான்.

"நான் யாரு நேரத்தையும் எடுக்கல மேடம். அது வேவும்போது இத செய்வேன். இத செய்யும்போது அத பாத்துக்குவேன்."

"புரியுதும்மா. எனக்கு நல்லாப் புரியுது" என்றார் அமலா. "ஆனா படிவத்துல 'அப்போதே' அப்படின்னு கட்டம் இல்ல. ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணுதான் இருக்கு."

"கட்டத்த போட்டுக்கக் கூடாதா?"

"படிவம் அச்சடிச்சாச்சு" என்றார் இளையபெருமாள்.

விதிகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதிகமாக எடுத்த நேரத்தைத் திருப்பி ஒப்படைத்துவிட்டால் பதிவு சரியாகிவிடும். ஆறு நாளுக்கு நூற்று இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் மீனம்பாள் ஒரு வேலையும் செய்யாமல் அரசு மேற்பார்வையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை வீட்டு வேலை நிற்கக் கூடாது, நின்றால் ஆய்வுச் சூழல் கெட்டுவிடும். எனவே அவள் வேலைகளைப் பிரிவே ஏற்று நடத்தும்.

மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு இரும்பு நாற்காலி வந்தது. முதுகில் எண் எழுதியிருந்தது. அதைக் கூடத்தில் போட்டு மீனம்பாளை உட்கார வைத்தார்கள். ரங்கநாதன் அடுப்படிக்குப் போனான். இளையபெருமாள் மூன்று பேனாவையும் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் பொன்னுசாமியின் கட்டிலுக்குப் போனார்.

முதல் கால் மணி நேரம் மீனம்பாளுக்குச் சொர்க்கமாக இருந்தது. இதை மறைப்பானேன். பகலில் கால் நீட்டி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு கட்டிலில் இருந்து இருமல் வந்தது.

"தண்ணி வேணுமாம் சார்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அது தண்ணி இருமலு. சளி இருமலு வேற மாதிரி இருக்கும்."

இளையபெருமாள் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் இருமல் நின்றது. அவர் முகம் கறுத்தது. "அம்மா, காது வேலை செஞ்சிருக்கு" என்று சொல்லி, அவள் கணக்கில் பத்து நிமிஷம் ஏற்றினார்.

நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார்கள். காதில் பஞ்சு வைத்தார்கள். அரைமணி கழித்து, "ரங்கநாதன் சார், அடி புடிக்குது" என்றாள். மூக்கு வேலை செய்ததற்கு ஐந்து நிமிஷம். இன்றைக்குத் தண்ணீர் வரும் நாளாச்சே என்று அவள் முணுமுணுத்தது திட்டமிடல் என்ற தலைப்பில் போயிற்று. சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது நூற்று இரண்டு மணி நேரம் குறைந்திருக்கவில்லை. நூற்று ஒன்பதாகியிருந்தது. உட்கார்ந்திருக்கும்போதே இவ்வளவு வேலை செய்கிற பெண்மணியைத் தம் இருபத்தாறு வருஷ சர்வீசில் பார்த்ததில்லை என்று இளையபெருமாள் குறிப்பில் வருத்தப்பட்டார்.

அந்தப் பக்கம் கட்டிலில் பொன்னுசாமி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் பாதி விழுந்துவிட்டாலும் அவர் வாய் முழுசாக இருந்தது.

"யோவ், மனுசன பொரட்டுறியா, மூட்டைய பொரட்டுறியா?"

"படிவத்தில் எப்படிப் புரட்டுவது என்று இல்லை ஐயா."

"படிவத்த உன் முதுவுல கட்டிக்க. மீனா எங்கடா? கூப்டு அவள."

"அவர் நேரத்தைத் திருப்பி ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார்."

ரங்கநாதன் வைத்த சோறு நோட்டீஸ் ஒட்டும் பதத்தில் வந்தது. குழாயில் தண்ணீர் வந்தபோது அவன் அடுப்பைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தபோது தண்ணீர் நின்றுபோனது. ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கப் படிவத்தில் இடமில்லை. ரெண்டாம் நாள் விழுப்புரத்திலிருந்து இன்னொரு ஊழியரை வரவழைத்தார்கள். மூன்று பேருக்கும் பயணப்படி, தினப்படி எல்லாம் முறையாக எழுதப்பட்டது. மூன்றாம் நாள் தேவேந்திரன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து, "இன்னாடி, ஆபீசரே வந்து வேல செய்யறாங்க, உனுக்கு இன்னா கொறச்சல்" என்றான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மீனம்பாள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கண் வேலை செய்ததாக எழுதியிருப்பார்கள். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று ஆம்பிளைகள் சேர்ந்து மூன்று நாளில் அந்தக் கிழவரை ஒரு தரம் ஒழுங்காகக் குளிப்பாட்டவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அதைக் கேட்டும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது, அவள் இதுவரை செய்ததிலேயே கஷ்டமான வேலையாக இருந்தது.

கடைசியில் வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அமலா மேடமே நேரில் வந்தார். கூடத்தில் கால் வைத்ததும் அவருக்கு நிலைமை தெரிந்துவிட்டது. கருகின பாத்திரங்கள் வாசல்வரை வரிசையாக இருந்தன. இளையபெருமாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்திருந்தார்.

அமலா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வீட்டிலிருந்து அவருக்குப் போன் வந்தது. "குக்கர் கேஸ்கட்டா? ஃபிரீசர்ல இருக்கும் பாருங்க. இல்ல, கீழ் தட்டு இல்ல, மேல. அத்தைக்கு மூணு மணி மாத்திரை குடுத்தீங்களா? மஞ்சள் கலர். அதில்ல, சின்ன மஞ்சள்..." பேசி முடித்துத் திரும்பினார். பழக்க தோஷத்தில் ரங்கநாதன் வாட்சை அமுக்கியிருந்தான்.

"நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு மேடம்" என்றான்.

"அது ஆய்வுக்கு வெளியே" என்றார் அமலா. ஆனால் அவர் குரல் மாறியிருந்தது. மீனம்பாளின் காதிலிருந்து பஞ்சை அவரே எடுத்துப் போட்டார். "போதும் சார். மூணு பேரு செய்ய முடியாதத இவங்க ஒருத்தரா செஞ்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்? சான்றிதழ எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

மீனம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மணி மூன்றே கால். ஷேர் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் முதியோர் இல்லம்.

இளையபெருமாள் எழுந்து உட்கார்ந்து ஜன்னலிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். "ஒரே ஒரு பக்கம் பாக்கி மேடம். வரலாற்றுப் பகுதி. இந்தம்மாவ வச்சுத்தான் பின்னால நானூறு வருஷத்துக்குப் போகணும். ஒரு படி பின்னால போயிட்டா போதும், மத்தது தானா போயிடும்." அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடி இந்த வீட்ல இந்த வேலையெல்லாம் பாத்தது யாரு?"

"எங்க அத்த. மாமியாரு. பேரு அம்மாக்கண்ணு. செத்து பதிமூணு வருஷம் ஆவுது."

"அவங்களுக்கு என்ன தொழில்?"

மீனம்பாளின் கண் சுவரிலிருந்த கடிகாரத்தில் இருந்தது. ஒரு காலில் செருப்பை மாட்டியாயிற்று. இதையெல்லாம் கேட்டு நேரத்தைக் கடத்துகிறார்களே என்று இருந்தது.

"அவங்களுக்கு இன்னா சார் தொழிலு? வூட்ல சும்மாதான் இருந்தாங்க."

பேனா ஓடியது. அமலா சட்டென்று நிமிர்ந்தார். "அம்மா, யோசிச்சு சொல்லுங்க."

"ஆமா மேடம். எங்கயும் வேலைக்கிலாம் போனதில்ல."

இளையபெருமாள் அதையும் எழுதினார். பிறகு வாய்விட்டுப் படித்தார். மனுதாரரின் வாக்குமூலப்படி முன்னவர் பணி ஏதும் செய்தவரல்லர். மனுதாரர் முன்னவரின் இடத்துக்கு வந்தவர் என்பதால், அதே நிலையே இவருக்கும் பொருந்தும். முன்னவருக்கு முன்னவர்களுக்கும் பொருந்தும். எனவே நானூறு ஆண்டுகளுக்கான மொத்த மதிப்பு, இன்மை.

படித்துக் கேட்டபோதுதான் மீனம்பாளுக்கு உறைத்தது. அத்தை அம்மாக்கண்ணு விடியுமுன் எழுந்து சாணி தெளித்தது, ரெண்டு கறவை மாட்டைக் கட்டிப் பால் கறந்தது, கழனியில் களை எடுத்துவிட்டு வந்து பதினோரு பேருக்குக் களி கிண்டினது, மீனம்பாளின் பிரசவத்துக்கு நாற்பது நாள் கூடவே படுத்தது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"ஐயோ சார், அத அடிச்சிடுங்க. தெரியாம வாய்ல வந்துடுச்சி."

"வாக்குமூலத்த அடிக்க முடியாதும்மா. வேணும்னா ஒரு சாட்சி சொல்லலாம். நேர்ல பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தார். கட்டிலிலேயே இருந்தார். மீனம்பாள் ஓடிப்போய்ப் பொன்னுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. அத்த இன்னா இன்னா செஞ்சாங்க, எப்டி இருந்தாங்க? நாப்பத்தெட்டு வருசம் கூடவே இருந்து பாத்தவரு நீங்கதான். கொஞ்சம் வெவரமா சொல்லுங்க மாமா, இவரு எழுதிக்குவாரு."

எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பொன்னுசாமி கூரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். செத்துப்போன மனைவியின் ஞாபகத்தில் அவர் கண் நிஜமாகவே கலங்கியது.

"நல்ல மனுசி" என்றார். "நாப்பத்தெட்டு வருசத்துல அவள ஒரு வேலைக்கு அனுப்புனது கெடையாது சார். ராணி மாதிரி வச்சிருந்தேன்."

'ராணி' என்ற சொல்லை இளையபெருமாள் அடிக்கோடிட்டார். மீனம்பாளின் முன் அனுபவம் என்ற கட்டத்திலும் 'இன்மை' என்றே விழுந்தது; அஞ்சு மணி அதன்பாட்டில் கடந்துபோனது.

மூன்று மாதத்தில் கோட்டைக்குப் போகும் வழியில் கருங்கல்லில் ஒரு பலகை வைத்தார்கள். இக்கோட்டையில் வாழ்ந்த பெண்கள் அனைவரும் ராணிகளைப் போலவே வாழ்ந்தனர் என்பது விரிவான கள ஆய்வில் நிரூபணமாகியுள்ளது, என்று அதில் பொறித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள். போன வாரம் ஒருவர் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, "பாத்தியா, அந்தக் காலத்துல எப்டி வச்சிருந்தாங்க" என்றார். அந்தம்மாள் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் சோற்றுக் கூடையுமாக எட்டிப் பார்த்து, "குடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் புளிசோறு எடுத்து வைக்க நிழல் தேடிப் போனாள்.